பதுர்தீன் மாற்றிய பூட்டு

மாத்தளை, திருகோணமலை வீதியில் பதுர்தீனின் கடை ஓர் ஆள் நின்றால் கடை, இரண்டு ஆள் நின்றால் சந்தை. உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது, தொப்பி போட்ட ஒரு மனிதர் கழுத்து மாலையைக் கடித்துக்கொண்டிருக்கும் காட்சிதான். பசியினால் அல்ல. பல்லில் உரசினால் நறநறவென்றிருப்பது கடல் முத்து, வழுக்கினால் கண்ணாடி முத்து. கன்னத்தில் வைத்ததும் சில்லென்றால் கண்ணாடி மணி, சில்லிடாவிட்டால் பிளாஸ்டிக். இரண்டிலும் சேராமல் கனமாகவும் வழவழப்பாகவும் ஒன்று அகப்பட்டால், மனைவி ஹிதாயா ஊற்றி வைத்திருக்கும் பிளேன்டீக்குள் அதை முக்குவார். சூட்டில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை எழும்பினால் அது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய பேக்கலைட் என்னும் பழைய பிளாஸ்டிக். ஹிதாயாவின் தேத்தண்ணிக்கு வருசக் கணக்காக ஆஸ்பத்திரி ருசிதான். அதனால்தான் அவளுக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. எறும்புகூட அவள் கோப்பைக்குக் கிட்டே வருமுன் சலாம் சொல்லித் திரும்பிவிடுமாம்.

அவர் விற்றது தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. கண்ணாடி, பித்தளை, தகரத்தாளுக்கு மேல் ஒட்டிய கல். வெள்ளைக்காரத் துரைசாணிமார் கிளப்பில் ஆடப் போகும்போது போட்டுக்கொண்ட போலி நகை. எழுபத்திரண்டிலும் எழுபத்தைந்திலும் அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களை எடுத்தபோது துரைமார் பங்களாக்களைக் காலி செய்தார்கள். பியானோவை விற்றார்கள், நாயைக் கொடுத்தார்கள், அலுமாரி மூலையில் சிக்கிக் கிடந்த மாலைகளை ஆயாமாருக்கும் சமையல் அப்புமாருக்கும் விட்டுப் போனார்கள். அவை பிஸ்கட் தகரங்களிலும் மேசு என்னும் பழைய காலுறைகளுக்குள்ளும் பதுர்தீனிடம் இறங்கி வந்தன. அவர் அவற்றைக் கழுவி, அறுந்ததைக் கோத்து, இன்ன வருசத்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டி, நாவுலைப் பாதையிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில் இறங்கும் உல்லாசப் பயணிகளுக்கு விற்றார். லண்டனிலிருந்து வந்த ஒருத்தி ஒரு மாலையைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்தவள் ஓவென்று அழுதாளாம். அது அவளுடைய சொந்த மாமியாரின் மாலையாம். பாசத்தில் அழுதாளா, கோபத்தில் அழுதாளா என்று பதுர்தீன் கேட்கவில்லை; விலையைக் குறைக்கவும் இல்லை. இந்தக் கதையில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். எந்தப் பாதி என்பதுதான் எனக்கும் தெரியாது.

ஆனால் வருசம் சொல்வதில் அவர் விளையாடியதில்லை.

"வெலயில பொய் செல்லுவேன், அது யாவாரம். வருசத்துல செல்ல மாட்டேன், அது ஹராம்" என்பார்.

மாலையின் வயதை அவர் மூன்று இடத்தில் பார்ப்பார். முதலாவது நூல். பட்டுநூல் என்றால் பழையது, நைலோன் என்றால் யுத்தத்துக்குப் பிந்தியது. இரண்டாவது மணி, வார்ப்பும் நிறமும் தேய்மானமும். மூன்றாவது, பிடரியில் மாட்டும் பூட்டு. அதில் எறும்பின் கால் அளவு எழுத்தில் நாட்டின் பெயர் குத்தியிருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் முதலாம் யுத்தத்துக்கு முந்தியதாக இருக்கவே முடியாது, ஏனென்றால் அதற்குமுன் அப்படி ஒரு நாடே இல்லை. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்றிருந்தால் இன்னும் சுலபம். ஜப்பான் தோற்று, அடுத்தவன் காவலில் இருந்த அந்த ஆறேழு வருசத்துக்குள்தான்.

"நூல் அறுந்துபோகும், மணி வாய தொறக்காது. பூட்டுத்தான் சாட்சி" என்பது அவருடைய பாடம். சாட்சியை நம்பியே பத்து வருசம் சோறு தின்றார்.

எண்பதாம் ஆண்டு பங்குனி மாதம், எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சுந்தரம்மா அந்தக் கடைக்கு வந்தாள். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல், நாற்பத்தாறு வயது. கூடவே ஐந்து மாத வயிற்றோடு மகள் இலட்சுமி. கடை சந்தையாகிவிட்டது.

"நானா, நீங்கதானே மாலைக்கு ஜாதகம் சொல்றவரு?" என்று முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் கேட்டாள்.

"ஜாதகமா? பொறந்த வருசம் மட்டுந்தான் செல்லுவேன் புள்ள. கலியாணம் எப்பன்னு கேட்டா வேற எடம் பாக்கணும்."

"கலியாணமெல்லாம் முடிஞ்சு தாலியும் அறுத்தாச்சு. வருசத்த ஒரு கடதாசில எழுதிக் குடுங்க, போதும். என்னையக் கப்பல்ல ஏத்தப் போறாங்க."

விசயம் இதுதான். பன்னிரண்டு வருசத்துக்கு முன், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, தோட்டத் தமிழரில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று தோட்டம் தோட்டமாக விண்ணப்பம் எழுதிய காலத்தில், அவள் புருசன் மாரிமுத்து கங்காணி காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தான். அது இந்தியாப் பத்திரம். பத்திரத்தில் குடும்பத்தோடு என்று எழுதியிருந்தது. வைத்தவன் மறந்துபோனான், பிறகு செத்தும் போனான். கைநாட்டு மட்டும் சாகவில்லை. அது அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்து, இந்தியாப் பாஸ்போட்டாக மாறி, இப்போது சித்திரை முடிவதற்குள் புறப்படு என்று சுந்தரம்மாவின் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றது. மகள் மாத்தளையில் அரிசி ஆலையில் வேலை செய்யும் ஒருவனைக் கட்டியிருந்தாள். அவனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அவள் இங்கே தங்கலாம். தாய்தான் போக வேண்டும். ஆவணியில் இலட்சுமிக்குத் தலைப்பிரசவம். அதற்குத் தாய் பக்கத்தில் இருப்பாளா, மாட்டாளா என்பதைத் தவிர சுந்தரம்மாவுக்கு வேறு அரசியல் கிடையாது.

"நான் பொறந்தது இந்தத் தோட்டத்துலதான்னு கண்டிக் கந்தோர்ல சொன்னேன் நானா. பதிவு எங்கன்னாங்க. தோட்டத்துப் பொஸ்தகத்துல அந்த வருசத்தக் கறையான் தின்னுருச்சு. அங்க இருந்த கிளாக்கரு, வருசம் காட்டுற சாமான் ஏதும் இருந்தா எடுத்துக்கிட்டு வா, அடுத்த ஆளு வான்னுட்டாரு."

வரிசையைக் கலைப்பதற்குச் சொன்ன பேச்சு. சுந்தரம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தாள். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், என்ன இருக்கிறது? சட்டி, கொழுந்துக்கூடை, சாமிப்படம். எதிலும் வருசம் இல்லை. பிறகுதான் மாலை ஞாபகம் வந்தது. அவள் பிறந்த அன்று காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தாய் வரவில்லை என்று தெரிந்து, குதிரையில் உலாப்போன துரைசாணி லயத்து வாசலில் இறங்கினாளாம். பிள்ளையைப் பார்த்தாளாம். தன் கழுத்திலிருந்த பச்சை மாலையைக் கழற்றித் தாயின் கழுத்தில் போட்டாளாம். இதைப் பக்கத்துக் காம்பரா ராசம்மாக் கிழவி கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவாள்.

"துரைசாணி அப்பதான் சீமையிலேருந்து புதுசாக் கொண்டாந்த மாலை. அதுக்கும் எனக்கும் ஒரே வயசு."

பதுர்தீன் மாலையை வாங்கினார். இலைப் பச்சைக் கண்ணாடி. ஒவ்வொரு மணியிலும் அச்சில் அழுத்திய ஒரு பூ. கன்னத்தில் வைத்தார், கடித்தார், வெளிச்சத்துக்குத் தூக்கினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பொஹீமியாக் கண்ணாடி, செக்கோஸ்லோவாக்கியாச் சாமான், மாஷா அல்லாஹ்! முப்பதுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவுல. நீ எப்பப் பொறந்த?"

"முப்பத்தி நாலு."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான். மாலை மட்டும் கொஞ்சம் மினுங்குது."

இலட்சுமி கையால் வாயை மூடிச் சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். பதுர்தீன் கடதாசியை எடுத்துப் பேனையைத் திறந்துவிட்டு, வழக்கம்போல, சாட்சியைக் கேட்காமல் எழுதுவதா என்று மாலையைத் திருப்பிப் பூட்டைப் பூதக்கண்ணாடிக்குள் பிடித்தார்.

திருகுப் பூட்டு. பீப்பாய் வடிவம். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்.

பேனையை மூடினார்.

"என்ன நானா? மூடிட்டீங்க?"

அவர் பூட்டுக்குப் பக்கத்திலிருந்த முடிச்சைப் பார்த்தார். ஊரில் எல்லா மாலைக்காரரும் முடிச்சை வலப்பக்கம் இழுப்பார்கள். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மாத்தளையில் இடக்கையால் முடிச்சுப் போடும் மாலைக்காரர் ஒருவர்தான். அவர் அப்போது தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கலியாணம் முடிச்ச வருசம் மாரியம்மன் கோயில் தேருக்கு வந்தியா?"

"வந்தோம். ஐம்பத்திரெண்டு. தேர் வீதில வளையல் கடைல இந்த மாலைக்குக் கொக்கி மாத்தினோம். கறுத்துக் கெடந்துச்சு. ஒரு பொடியன் இருந்தாரு, வாய் ஓயாமப் பேசிக்கிட்டு. புதுப்பொண்ணுக்குக் காசு வேணாம்னாரு."

"அந்தப் பொடியனுக்கு அறிவு கொஞ்சம் கொறவு புள்ள."

கறுத்த பழைய பூட்டு கிடக்க, பளபளக்கும் புதிய ஜப்பான் பூட்டு கையில் இருக்க, திருவிழாவில் எந்த வளையல்காரன் பழையதை விட்டுவைப்பான்? வாங்குகிற எந்தப் புதுப்பெண் விடச் சொல்வாள்? பழையது பெறுமதி என்று மாத்தளையில் பதுர்தீனுக்கே இருபது வருசம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் உள்ளதைச் சொன்னார். மணி முப்பத்து நாலு, பூட்டு ஐம்பது; கந்தோரில் எவனாவது விபரம் தெரிந்தவன் பூட்டைப் பார்த்தால் மாலை யுத்தத்துக்குப் பிந்தியது என்றுதான் சொல்வான். மாற்றியது நான்தான்.

சுந்தரம்மா கோபப்படவில்லை. அவளுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது.

"மாத்தினவருகிட்டயே வந்து சேந்துட்டேனே! அந்தப் பழசு உங்ககிட்டதானே இருக்கும்?"

இந்தக் கேள்விக்குத்தான் பதுர்தீன் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. பூட்டு என்று எதையும் அவர் வீசியதில்லை. எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடந்தன. வீட்டு ஹோலில் பாயை விரித்துத் தகரத்தைக் கவிழ்த்தார். ஹிதாயாவும் உட்கார்ந்தாள். பாய் முழுக்கப் பித்தளை. அதில் பாதி ஊர்ந்து ஓடிவிட்டது, மூன்றைக் கோழி விழுங்கிவிட்டது, அந்தக் கோழி பிறகு பித்தளை முட்டை இட்டது என்றெல்லாம் ஹிதாயா பின்னாளில் சொல்வாள். நான் கோழியை மட்டும் நம்புகிறேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டை மூன்று வருசத்துக்கு முன் பூட்டில்லாத வேறொரு மாலையில் போட்டு, ஒரு ஜெர்மன்காரிக்கு விற்றிருந்தார். ஒரே காலத்து மணி, ஒரே காலத்துப் பூட்டு. அதனால் பொய் இல்லை என்று அன்று மனதைச் சமாதானப்படுத்தியிருந்தார். அது இப்போது ஜெர்மனியில் ஏதோ ஒரு பிடரியில்.

அதே அச்சில், அதே செக்கோஸ்லோவாக்கியா எழுத்தோடு, வேறொரு பூட்டு பாயில் கிடந்தது. ஹிதாயா அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தா, இதப் போட்டுக் குடுங்களே."

"இது அதோடது இல்ல."

"வருசம் சரியா?"

"வருசம் சரி. ஆனா அதோடது இல்ல."

"எத்தின வெள்ளக்காரிக்கு எத்தினப் பூட்டு மாத்திக் குடுத்தீங்கன்னு நன்ம தீம கணக்குப் பாக்குற மலக்குமாரு எழுதிக் களச்சிட்டாங்க. இந்தப் புள்ளக்கு மட்டும் புதுப் பொஸ்தகமா தொறக்கப் போறாங்க? போடுங்க பேசாம."

போட்டார். இடக்கை முடிச்சு. ஜப்பான் பூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடதாசிக்கு ஒரு முழுநாள் பிடித்தது. மணி இன்ன காலத்தது என்று எழுதினார். பூட்டு இந்த மாலையினுடையது என்று எழுதக் கை வரவில்லை. பூட்டும் அதே காலத்தது என்று எழுதினார். ஆங்கிலத்தில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. கடை முத்திரை இல்லாததால் மாத்தளையின் மிகப் பழைய மாலை வியாபாரி என்று கீழே போட்டுக்கொண்டார். அது விலைப் பொய்யா வருசப் பொய்யா என்று அவர் யோசிக்கவில்லை.

பதுர்தீனும் தாயும் மகளுமாக மூவரும் கண்டிக்குப் போனார்கள். பதுர்தீன் கோட் போட்டிருந்தார். சுந்தரம்மா மாலையைக் கைலேஞ்சித் துணியில் முடிந்து மடிக்குள் வைத்திருந்தாள். வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்ற பிறகு, உள்ளே மேசையில் இருந்த பெரிய உத்தியோகத்தரிடம் விட்டார்கள். சிங்களவர், வயதானவர், கெட்ட மனிதர் இல்லை. கடதாசியை இரண்டு தரம் படித்தார். பதுர்தீனின் பூதக்கண்ணாடியையே வாங்கிப் பூட்டைப் பார்த்தார்.

"நல்ல மாலை" என்றார் சிங்களத்தில். "ஆனால் இதில் ஊர் பெயர் செக்கோஸ்லோவாக்கியா என்றல்லவா இருக்கிறது? அம்மாவை அங்கே அனுப்பச் சொல்கிறீர்களா?"

கந்தோர் முழுக்கச் சிரித்தது. சிங்களம் விளங்காத சுந்தரம்மாவும் சிரித்தாள். பெரியவர் சிரித்தால் காரியம் நடக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். சிரிக்காத ஒரே ஆள் பக்கத்து மேசைக் கிளாக்கர். வருசம் காட்டும் சாமானைக் கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். அவர் கோப்பொன்றை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

பெரியவர் மாலையை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"முதலாளி, இவர் இங்கே பிறந்தவராகவே இருக்கட்டும். நான் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. கோப்பில் இருப்பது அறுபத்தெட்டாம் ஆண்டு விண்ணப்பம். இந்தியா என்று கைநாட்டு இருக்கிறது. பாஸ்போட் வந்தாயிற்று. இதற்குப் பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது."

"சேர், அது மாப்புளட கைநாட்டு. இவட வெரல் இல்ல."

"குடும்பத்துக்கு ஒரு விரல் போதும்."

அதோடு முடிந்தது. பதுர்தீன் தன் வாழ்நாளில் அவ்வளவு சரியாக ஒரு வருசத்தை நிரூபித்ததில்லை. வெளியே வந்ததும் சுந்தரம்மா கேட்டாள்:

"பெரியவரு நல்லா சிரிச்சாருல்ல நானா? எப்பக் கூப்புடுவாங்க?"

இலட்சுமிதான் சொன்னாள். பதுர்தீன் பக்கத்துக் கடையில் தோடம்பழம் விலை கேட்டுக்கொண்டு நின்றார். ஒரே பழத்துக்கு ஆறு தரம் கேட்டார்.

சித்திரைக் கடைசியில் சுந்தரம்மா புறப்படும்போது இன்னொரு பயம் வந்தது. கப்பலேறும் தலைமன்னாரில் சுங்கக்காரர் நகைகளைப் பறித்துவிடுவார்கள் என்று தோட்டத்தில் கதை. பதுர்தீன் மறுபடி ஒரு கடதாசி எழுதினார்: 'இது வெறும் கண்ணாடி. பெறுமதி ஏதும் இல்லை.' அந்தக் கடதாசியைப் பார்த்ததும் சுங்கக்காரர் மறுபேச்சில்லாமல் விட்டாராம். பெறுமதி இல்லை என்று எழுதியதைத்தான் அரசாங்கம் உடனே நம்பியது.

மாத்தளை ஸ்டேசனில் சுந்தரம்மா மாலையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நின்றாள். மகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஏழாம் மாதம் பேறுகாலக் காயமருந்து இடிக்க வேண்டும், வலி வந்ததும் நடக்க வேண்டும், பிள்ளைக்கு முதல் எண்ணெய் யார் வைப்பது. எண்ணெயில் வந்து நின்றுவிட்டாள். பிறகு பதுர்தீன் பக்கம் திரும்பினாள்.

"நானா, எனக்கு வருசம் போட்டுட்டீங்க. வெலய மட்டும் போட்டுறாதீங்க."

"ஒனக்கு வெல சொல்ல எனக்கு வாய் இல்ல புள்ள."

ரயில் போன பிறகுதான் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். ஜப்பான் பூட்டு அங்கேயே கிடந்தது.

ஆவணியில் இலட்சுமிக்குப் பெண்பிள்ளை. எண்ணெய் வைத்தது ஹிதாயா. சேதி எழுதிப் போட்டதற்கு அக்கரை மண்டபம் முகாமிலிருந்து, யாரோ எழுதிக்கொடுத்த பதில் வந்தது. பிள்ளைக்கு முத்தம். கீழே பதுர்தீனுக்கு நாலு வரி:

'நானா, நீங்கள் போட்ட பழைய பூட்டு இறுகப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை மாலை கழன்று விழுந்துவிட்டது. அந்த ஜப்பான் பூட்டுத்தான் நன்றாக இருந்தது. இருபத்தெட்டு வருசம் ஒருநாளும் கழன்றதில்லை. அதை அனுப்பி வையுங்கள். இங்கே எல்லாரும் என்னைச் சிலோன்காரி என்கிறார்கள். எப்போது வந்தாய் என்று கேட்கிறார்கள். எந்த வருசத்தைச் சொல்வது?'

பூட்டைப் பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். எட்டு மாதம் கழித்து உறை திரும்பி வந்தது. ஆள் முகாமில் இல்லை, போன இடம் தெரியாது. மறுபடியும் கப்பலுக்குப் போகும் தோட்டத்துச் சனத்திடம் கொடுத்தனுப்பினார். மதுரைப் பக்கம், திருச்சிப் பக்கம், எங்கேயாவது கழுத்தில் பச்சை மாலையோடு ஒருத்தி. மூன்று தரம் போனது, மூன்று தரமும் யார் மூலமாவது திரும்பிவந்தது. எண்பத்துமூன்றில் நாடு எரிந்தது. வெள்ளைக்காரரும் வாசனைத் தோட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார்கள். அடுத்த வருசம் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு கொடுத்தனுப்ப ஆளும் இல்லை, வழியும் இல்லை.

பதுர்தீன் கடையை மூடவில்லை. மாலை கோத்தார், அறுந்ததற்கு முடிச்சுப் போட்டார். எப்போதாவது தப்பித்தவறி வந்த ஒரு பயணி, இது எந்த வருசத்தது என்று கேட்டால், "தெரியாது, போட்டுப் பாருங்க" என்று கண்ணாடியைத் திருப்பிவிடுவார். ஹிதாயாவின் தேத்தண்ணியும் தேத்தண்ணி ருசிக்கு வந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் இலட்சுமி முறுக்கும் வாழைப்பழமும் கொண்டு வருவாள். தட்டை வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்பாள்.

"பூட்டு இருக்கா நானா?"

"ஈக்கு புள்ள."

"நல்லாப் புடிக்குமா இன்னும்?"

அவர் உறையைத் திறந்து பஞ்சை விரிப்பார். இடக்கையால் திருகி மூடுவார், திருகித் திறப்பார், மறுபடி மூடி ஒருதரம் இழுத்துப் பார்ப்பார்.

"புடிக்கும்" என்பார். பிறகு பஞ்சைச் சுற்றி உள்ளே வைப்பார்.